ஆல்டர்ஹைத்தில் ஆளில்லாக் கல்லறை

2024 நவம்பர் 2, சனிக்கிழமை பின்னேரம், லண்டனின் மேற்கு ஓரத்தில், ஆல்டர்ஹைத் ஊர் வரலாற்றுச் சங்கத்தார் தேவாலயச் சேமக்காலையில் தோமஸ் ஹேலின் கல்லறை முன்னால் நின்றார்கள்.

ஆல்டர்ஹைத் ஒருகாலத்தில் தேம்ஸ் கரைக் கிராமம். லண்டன் அதை விழுங்கியபின் மிஞ்சியவை ஒரு தேவாலயமும் படகுத்துறைப் படிகளும் ஒரு மதுக்கடையும்தான். ஹேல் படகோட்டி. 1841இல் ஆற்றில் போனவன் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது.

கூட்டத்துக்குப் பின்னால் றோஸ்மலரும் மகள் ஜெஸ்ரினும் நின்றார்கள். றோஸ்மலரின் பையில் மெழுகுதிரிகள் இருந்தன. அவளுடைய அண்ணன் எட்வேட் 2007இல் அவர்களின் ஊரான பேசாலையிலிருந்து கடலுக்குப் போனவன், வரவில்லை. நவம்பர் 2, இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் நாளில், ஊரே கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும். அவனுக்குக் கொளுத்த ஒரு குழி இல்லை. உள்ளே ஆளில்லாத கல்லறை ஒன்று இங்கே இருக்கிறதென்று அறிந்ததிலிருந்து, அவள் வருடம் தவறாமல் கோலியர்ஸ் வுட்டிலிருந்து வந்து, இருட்டுகிற நேரத்தில் கொளுத்திவிட்டுப் போவாள். யாரிடமும் கேட்டதில்லை.

வழிகாட்டி மார்கரெட் ஆங்கிலத்தில் கதை சொன்னாள். ஜெஸ்ரின் தாயின் காதுக்குள் தமிழில் சொன்னாள்.

"இண்டைக்கு இந்தக் கல்லில வெளிச்சம் தெரியுமாம். ஹேலின்ர பெண்சாதி இன்னும் தேடி வாறாவாம். அம்மா, உங்களைப் பேயாக்கிப் போட்டினம்."

"வாயை மூடு. இவையள் எப்ப போவினம்?"

"போகமாட்டினம். அதைப் பாக்கத்தான் நிக்கினம்."

இருள் இறங்கியது. இன்று விட்டால் அண்ணனுக்கு அடுத்த வருடம்தான். றோஸ்மலர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முழந்தாளிட்டுக் கொளுத்தினாள். பிறகு மார்கரெட் ஏதோ கேட்டாள்.

"ஆருக்கெண்டு கேக்கிறா, அம்மா."

"என்ர அண்ணைக்கு எண்டு சொல்லு. இவ்வளவு வருசமும் நான்தான் எண்டும் சொல்லு."

ஜெஸ்ரின் சொன்னாள். மார்கரெட் தலையசைத்தாள், தயங்கி, இன்னொன்று கேட்டாள். ஜெஸ்ரின் கல்லறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி?"

"அவவின்ர அப்பா சின்னப்பிள்ளையா இருக்கேக்கையும் இந்த வெளிச்சத்தைக் கண்டவராம். அப்ப கொளுத்தினது ஆரெண்டு கேக்கிறா."

றோஸ்மலர் ஆற்றுப் பக்கம் பார்க்காமல் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த வருடம் சேமக்காலையில் நெருப்புக் கொளுத்தக்கூடாது என்று பலகை மாட்டினார்கள். றோஸ்மலர் போகவில்லை, வீட்டில் எட்வேட்டின் படத்துக்கு முன்னால் கொளுத்தினாள். கல்லறையில் வெளிச்சத்தைக் கண்டதாகவும், பலகையை மீறி அம்மா கொளுத்தியதைத் தான் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்றும் மார்கரெட் அன்று ஜெஸ்ரினுக்கு எழுதியிருந்தாள்.