மாமனுக்கு ஆகாத பிள்ளை

வால் நட்சத்திரம் தெரிந்த வருஷம், வைகாசி மாதத்தில், முக்கூடலில் ஒரு தாயும் பச்சைப் பிள்ளையும் காணாமல் போனார்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. அவல் என்ன அவல், வெல்லமும் தேங்காயும் போட்டே கிடைத்தது.

காணாமல் போனவள் சுடலைவடிவு. தலைப்பிரசவத்துக்கு அண்ணன் பிச்சைக்கண்ணு வீட்டுக்கு வந்திருந்தாள். தாய் தகப்பன் இல்லை. அவளுக்குத் தாய்வீடு என்றால் அண்ணன் வீடுதான். புருஷன் வன்னியராஜ் திருவிதாங்கூர் மலையில் தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தான். பெண் குழந்தை, சுகமாகத்தான் பிறந்தது. கழுத்தில் மட்டும் தொப்புள்கொடி ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. மருத்துவச்சி அதை விரலால் எடுத்துவிட்டாள், பிள்ளை வீறிட்டு அழுதது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்பது ஊரறிந்த சேதி. மருத்துவச்சி வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். கூலி நெல்லை வீட்டில் கொண்டு இறக்குவதற்குள் நாலு வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பரிகாரம் இல்லாமல் இல்லை. தீட்டுக் கழிக்கிற அன்று வெண்கலக் கும்பாவில் நல்லெண்ணெய் ஊற்றி வைப்பார்கள். அதில் தெரிகிற பிள்ளையின் முகத்தை மாமன் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் நேராகப் பார்க்கலாம். தோஷம் எண்ணெயோடு போய்விடும். அதுவரைக்கும் பிள்ளை முகத்தில் அவன் விழிக்கக் கூடாது. அதனால் பிச்சைக்கண்ணு களத்துக் கொட்டகையில் படுக்கையைப் போட்டுக்கொண்டான். இதிலெல்லாம் அவனுக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை, நம்பாமலும் இல்லை. பெரியவர்கள் சொல்கிறார்கள், செய்துவிட்டுப் போவோம் என்கிற ரகம்.

எண்ணெய் பார்க்க வேண்டிய அன்று விடியற்காலையில் அவன் பெண்டாட்டி ஆவுடையம்மாள் உள்ளறைக் கதவைத் திறந்தாள். பாய் சுருட்டி வைத்திருந்தது. தாயையும் காணோம், பிள்ளையையும் காணோம்.

முதலில் ஆற்றில் விழுந்துவிட்டாள் என்றார்கள். வைகாசியில் தாமிரபரணியில் முழங்கால் தண்ணீர். அதில் சாக வேண்டுமென்றால் படுத்துக் கிடந்துதான் சாக வேண்டும். அந்தப் பேச்சு சீக்கிரமே வற்றிப் போயிற்று. அடுத்தது பாலம். கிழக்கே எங்கேயோ வெள்ளைக்காரன் பாலம் கட்டுகிறானாம், தூண் நிற்க மாட்டேன் என்கிறதாம், தலைச்சன் பிள்ளையைத் தாயோடு காவு கேட்கிறதாம். எந்த ஊர்ப் பாலம் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. வால் நட்சத்திரம் சும்மா வருமா என்று ஒரு கட்சி. கிறிஸ்தவ வேதக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று இன்னொரு கட்சி. அதைக் கேட்டு மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் பாக்கியசீலன் தெருவில் நின்று, "இருக்க பிள்ளைகள ஞாயித்துக்கிழமை ஒரு இடத்துல உக்கார வைக்கவே எங்களால முடியல. இதுல களவாண்டு வேற கொண்டு வரணுமாக்கும்!" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

இதெல்லாம் நொறுக்குத்தீனிதான். சாப்பாடு அப்புறம் வந்தது. பலசரக்குக் கடை நாறும்பூநாதன் ஒரு நாள் கருப்பட்டி நிறுத்துக்கொண்டே, "எல்லாஞ் சரி வே. அந்தப் பிள்ளை இருந்தா யாருக்குச் சேதம்? அத யோசிச்சீரா?" என்று கேட்டார். அண்ணாச்சி எதையும் சொல்ல மாட்டார், கேட்கத்தான் செய்வார். அதற்கப்புறம் ஆறும் பாலமும் வால் நட்சத்திரமும் போன இடம் தெரியவில்லை.

கூடப் பிறந்தவள் பிள்ளை பெற்றுக் கிடக்கிறாள், எட்டிக்கூடப் பார்க்காமல் களத்தில் போய்ப் படுத்தானே, ஏன்? எண்ணெய் வைத்துப் பார்க்க அத்தனை பயமா? கொட்டகைக்குப் பின்னால் புதுமண் கிடக்கிறதே, அது என்ன? பிச்சைக்கண்ணு அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை என்று சத்திரம் சத்திரமாக ஏறி இறங்கிக் கால் வீங்கி ஊர் திரும்பினால், "தேடுத மாதிரி என்னமா நடிக்கான் பாத்தீரா" என்றார்கள். வீட்டில் இருந்தால், "தேடப் போகாம இருக்கான், பாத்தீரா" என்றார்கள். உலைவாயை மூடலாம்.

போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஞானசிகாமணி குதிரையில் வந்து இறங்கினார். தலையாரி மண்வெட்டி கொண்டு வந்தான். கொட்டகைக்குப் பின்னால் தோண்ட ஆரம்பித்தபோது திருவிழாவுக்கு வந்த மாதிரி ஊரே கூடி நின்றது. பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு வந்திருந்தார்கள்.

"கழிச்சல்ல செத்த கன்னுக்குட்டிய்யா அது. நாந்தான் புதைச்சேன்" என்று பிச்சைக்கண்ணு முதலிலேயே சொன்னான். தோண்டினார்கள். கன்றுக்குட்டிதான் இருந்தது. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு குழிக்குள் எட்டிப் பார்த்த முகங்களைப் பிச்சைக்கண்ணு ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒரு முகத்திலாவது, அப்பாடா, நம்ம வடிவு இல்லை என்ற நிம்மதி இருக்குமா என்று தேடினான். எல்லார் முகத்திலும் ஏமாற்றம். தலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஓடித் திரிந்த பிள்ளை வடிவு, இந்தத் தெருவிலேதான் வளர்ந்தாள். அவள் பிணம் கிடைக்கவில்லையே என்று இந்த ஊர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகிறது.

பிணமும் இல்லை, சாட்சியும் இல்லை என்று சொல்லி சப்-இன்ஸ்பெக்டர் குதிரை ஏறிப் போனார். ஊர் விடவில்லை. போலீஸுக்கு எவ்வளவு கொடுத்தானோ என்று சேர்த்துக்கொண்டது.

அன்றையிலிருந்து பிச்சைக்கண்ணுவுக்கு ஒரே எண்ணம்தான். தாயையும் பிள்ளையையும் உயிரோடு கண்டுபிடிக்க வேண்டும், சந்தை கூடுகிற நாளில் தெரு வழியே நடத்திக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், ஒவ்வொரு மூஞ்சிக்கும் நேரே பிள்ளையைத் தூக்கிக் காட்ட வேண்டும். நாறும்பூநாதன் கடையில் கொஞ்சம் கூடுதலாகவே நிற்க வேண்டும். இன்னொன்றும் உள்ளே கிடந்து அறுத்தது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. அவளும் என்னை நினைத்துப் பயந்துதான் ஓடினாளோ?

சந்தைக்கு உவரியிலிருந்து கருவாட்டு வண்டி கொண்டு வருகிறவன் அருமைநாயகம். கன்றுக்குட்டியைத் தோண்டிய கதை அவன் காதிலும் விழுந்தது. அந்த வாரச் சந்தையில் பிச்சைக்கண்ணுவைத் தனியாகக் கூப்பிட்டு, "காலி வண்டிதான் திரும்புது. ஊருக்கு வெளிய ஆலமரத்துக்கிட்ட வந்து ஏறிக்கிடும். ஏன் எதுக்குன்னு கேக்காதியும்" என்றான். பிச்சைக்கண்ணு கேட்கவில்லை, ஏறினான். நாங்குநேரி தாண்டியதும் அருமைநாயகம் மாட்டை நிறுத்தி, "முக்கூடல்ல வச்சு யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு ஒம்ம தங்கச்சி அந்தோணியார் மேல சத்தியம் வாங்கிட்டா. இது முக்கூடல் இல்ல. ரெண்டு பேரும் எங்க அக்கா வீட்டுல இருக்காவ. நல்லா இருக்காவ" என்றான்.

நடந்தது இதுதான். விடியுமுன் கிளம்பிய அருமைநாயகத்தின் காலிக் கருவாட்டு வண்டியைப் பிள்ளையோடு வந்து மறித்து, எங்கே போகிறது என்றுகூடக் கேட்காமல் ஏறியிருக்கிறாள். மீன் நாற்றமடிக்கிற வண்டியில் பச்சை உடம்புக்காரி ஏறிப் போவாள் என்று நினைக்க முக்கூடலில் ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை. பாலம் வரைக்கும் போன மண்டைகள்தான்.

உவரியில் கடலைப் பார்த்த ஓலைவீடு. அருமைநாயகத்தின் அக்காள் சூசையம்மாள் வாசலை விட்டு விலகி வழிவிட்டாள். உள்ளே சுடலைவடிவு மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணனைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள். அதைப் பார்த்ததும் பிச்சைக்கண்ணுவுக்குத் தாங்கவில்லை. நின்ற இடத்தில் அழுதுவிட்டான்.

"ஏட்டி வடிவு, நீயுமா? பிள்ளைய நான் என்ன செஞ்சிருவேன்னு மூடுத?"

"கோட்டிக்காரன் மாதிரி பேசாதண்ணே. எண்ணெயில பாக்காம நேர பாத்தா ஒனக்குல்லா ஆகாது."

அவன் குனிந்து முந்தானையை விலக்கிப் பார்த்தான். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. அவர்களுடைய அம்மாவின் மூக்கு அப்படியே இருந்தது.

"என்னைய நெனச்சுப் பயப்படலன்னா, பொறவு என்னத்துக்குட்டி ஓடியாந்த?"

"ஒனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்துதுல்லா, களத்துல?" என்றாள். அந்தக் காய்ச்சல் அவனுக்கே மறந்துபோயிருந்தது. வெயிலில் நின்றதால் வந்தது, கஷாயம் குடித்ததும் போய்விட்டது.

"அன்னைக்குத் தெருப் பொம்பளையெல்லாம் வீட்டுக்கு வந்தாவ. ஒன்னையப் பாக்க ஒருத்தியும் களத்துக்குப் போகல. என் வாசல்ல நின்னு இவளத்தான் எட்டி எட்டிப் பாத்தாவ. ஆரம்பிச்சிட்டு பாத்தியான்னு ஒருத்தி சொல்லுதா. எண்ணெயில நெழல் பாத்துட்டா விட்டுருவாவளா? நீ நூறு வயசு இருந்து செத்தாலும் இவதான் தின்னான்னு சொல்லுவாவ. மாடு முட்டினாலும் இவ, கால் இடறினாலும் இவ. மாமனத் தின்னவன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டே இவளக் கொன்னுருவாவண்ணே. ஒங்கிட்டச் சொன்னா விட்டிருப்பியா? அதான் சொல்லல. உடம்பு தேறினதும் மலைக்குப் போயிரலாம்னு இருந்தேன்."

பிச்சைக்கண்ணு தரையில் உட்கார்ந்தான். ஊரில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். கொலைகாரனைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறார்கள், கடைக்குப் போனால் பேச்சு நிற்கிறது, நான் நடந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொள்கிறார்கள், கன்றுக்குட்டியைத் தோண்டினார்கள். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. எழுந்து பிள்ளையின் துணிகளை மூட்டையாகக் கட்ட ஆரம்பித்தாள்.

"நட, போவோம். ஒன் மேல கொலப்பழி கெடக்கையில நான் இங்கன இருக்க மாட்டேன். இவ தலையெழுத்து எப்படியோ அப்படி ஆகட்டும்."

இதைக் கேட்கத்தான் அவன் இத்தனை தூரம் வந்தான். எழுந்து கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி. எழவில்லை. ஒரு மாதம் அந்த ஊர்ப் பார்வையைச் சுமந்ததற்கே அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பது வயசு ஆண்பிள்ளை, மாடு கன்று நிலம் உள்ளவன், அவனுக்கே இந்தப் பாடு. இந்தப் பிள்ளைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. இது ஆயுசு முழுக்கச் சுமக்க வேண்டுமே.

"இரிட்டி" என்றான். "மூட்டைய அவுரு."

"அண்ணே, ஒன் பேரு..."

"என் பேரு கெடந்துட்டுப் போவுது. மாப்பிள்ளைக்கு நான் தாக்கல் சொல்லி விடுதேன். அவரு மலைல இருந்து நேர இங்கன வந்து ஒங்களக் கூட்டிட்டுப் போவட்டும். அங்கன இவ கொடி சுத்திப் பொறந்தவன்னு எந்த நாயிக்குத் தெரியும்? முக்கூடல் பக்கம் மட்டும் வந்துராதீய."

அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் அதட்டி எழுப்பினான். மறுநாள் காலையில் பிள்ளையைக் கொஞ்ச நேரம் கையில் வாங்கி வைத்திருந்துவிட்டுக் கிளம்பினான்.

முக்கூடலில் அவன் வந்து இறங்கியபோது கடைத்தெரு நல்ல கூட்டமாக இருந்தது. நாறும்பூநாதன் தராசைக் கீழே வைத்துவிட்டு, "என்ன வே, நாலு நாளா ஆளக் காணும்? ஏதும் துப்புக் கெடச்சுதா?" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"ஒரு துப்பும் இல்ல அண்ணாச்சி."

"கெடைக்காது வே" என்றார் அண்ணாச்சி. யாரோ சிரித்தார்கள். அவன் பைய நடந்து வீட்டுக்குப் போனான்.

ஆவுடையம்மாள் சோறு போட்டாள். இந்த ஒரு மாதமாக இலையில் வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் புறவாசலுக்குப் போய்விடுகிறவள், இன்றைக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கேன், எங்கிட்டயாச்சும் மறைக்காமச் சொல்லுங்க" என்றாள். "என் தாலி நிக்கணும்னுதான அதச் செஞ்சீய?"

பிச்சைக்கண்ணுவின் கை இலையில் நின்றது. கடைத்தெரு, சந்தை, படித்துறை எல்லாவற்றையும் வண்டியில் வரும்போதே மனசில் எடைபோட்டுத் தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்தான். இதை எடைபோடவில்லை. உண்மையைச் சொன்னால் இவள் முகம் மலர்ந்துவிடும். மலர்ந்த முகத்தோடு நாளைக் காலையில் படித்துறைக்குப் போவாள். நல்லவள்தான், சந்தோஷத்தை மறைக்கத் தெரியாது. மத்தியானத்துக்குள் சேதி நாறும்பூநாதன் கடைக்கு வந்து சேர்ந்துவிடும்.

அவன் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள். "எனக்காகவா" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஒரு அகப்பைச் சோறு வைத்தாள். அவன் அதையும் சாப்பிட்டான்.