இரண்டு முறை துடைத்த பாதம்

இது எந்த வருடம் நடந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. எண்பத்து மூன்றா, நான்கா என்று யோசித்தால் இரண்டுமே சரியாகத்தான் படுகிறது. இன்னாசிராஜ் சொல்லிக் கேட்டது. பேச்சில் பாதி நானே சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். தருமபுரி டவுனில் அப்போது இருமல் கேட்காத தெரு இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

புதுவிதமான சளிக்காய்ச்சல். முதலில் லாரி டிரைவர்களுக்கு வந்தது. பிறகு தொப்பூர் சாலையோர ஓட்டல்காரர்களுக்கு. பங்குனி முடிவதற்குள் டவுனுக்குள் நுழைந்துவிட்டது. இன்னாசிராஜுக்கு இருந்தது ஒரே பயம்தான். மனைவி புஷ்பமேரிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. சாதாரணச் சளிக்கே இரண்டு நாள் உட்கார்ந்தபடி தூங்குகிறவள்.

"இந்த வருசம் கோயிலுக்கு வேணாம் மேரி."

"பெரிய வெள்ளியும் அதுவுமா வூட்ல குந்திக்கிட்டு என்னா செய்யட்டும்? உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டிருக்கவா?"

இன்னாசிராஜ் பஸ் டெப்போவில் மெக்கானிக். பெரிய வெள்ளியன்று மட்டும் கோயிலில் அவருக்கு ஒரு வேலை உண்டு. சனங்கள் வரிசையாக வந்து சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தில் உதடு பதித்து முத்தி செய்வார்கள். ஒவ்வொருவருக்கும் பிறகு வெள்ளைத் துணியால் அந்தப் பாதத்தைத் துடைக்க வேண்டும். ஒன்பது வருடமாக அவர்தான் துடைக்கிறார்.

அன்று முந்நூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேர் இருமினார்கள். வரிசை முடியப்போகும் நேரத்தில் புஷ்பமேரி வந்தாள். அவள் குனிவதற்கு முன் ஒரு முறை துடைத்தார். மனசு கேட்கவில்லை. அழுத்திப் பிடித்து, விரல் இடுக்குவரை இன்னொரு முறை துடைத்தார்.

"பொஞ்சாதின்னா மட்டும் ஸ்பெசலு" என்று பின்னால் நின்ற பக்கத்து வீட்டு சாலம்மாள் முணுமுணுத்தாள்.

செவ்வாய்க்கிழமை புஷ்பமேரிக்குக் காய்ச்சல் கண்டது. புதன்கிழமை காலை அவள் மூச்சு வாசல்வரை கேட்டது. கம்பவுண்டர் தீர்த்தகிரி வந்து ஊசி போட்டார்.

"கூட்டத்துக்கு எங்கயாச்சும் போனாங்களா?"

இன்னாசிராஜ் கோயிலைச் சொன்னார். துடைத்ததையும் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே.

"எத்தன துணிங்க?"

"ஒண்ணுதானுங்க. நல்லா வெளுத்த துணி."

"முந்நூறு பேரு எச்சியையும் ஒரே துணியில சேத்து, அதையே திரும்பத் தேச்சீங்களா?" கேட்ட பிறகுதான் தீர்த்தகிரி அவர் முகத்தைப் பார்த்தார். பையை மூடினார். "அங்கதான் ஒட்டிக்கிச்சுன்னு யாரு கண்டா? ஊரே இருமுதுங்க."

அன்று முழுவதும் இன்னாசிராஜ் தலையணைகளை அடுக்கி அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். ஊருக்கெல்லாம் ஒரு முறை. இவளுக்கு இரண்டு முறை. சொல்லாமல் இருந்துவிடலாம். சொல்வதற்குள் இவள் போய்விட்டால் பிறகு யாரிடம் சொல்வது?

மறுநாள் மாலை, சுவரில் வெயில் இருக்கும்போதே துணி விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

புஷ்பமேரி இழுப்போடு அவர் பக்கம் திரும்பினாள்.

"அழுத்தி அழுத்தித் தொடச்சீங்களே, பாத்தேன்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "பதினாறு வருசத்துல அன்னிக்குத்தான் எனக்கு வெக்கமா வந்துச்சு. அந்த சாலம்மா வேற..."

"என்னாலதான மேரி உனக்கு இந்த..."

"சும்மா இருங்க. சுடுதண்ணி கொண்டாங்க. டம்ளரத் தொடைக்கிறேன்னு துணியத் தேடாதீங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்புக்கு முன்னால் நின்று, தண்ணீர் கொதிக்கும்வரை அழுதார். பிறகு ஆற்றிக் கொண்டுபோய், வாய் வாயாகக் கொடுத்தார்.

புஷ்பமேரிக்கு மூச்சு சீராகப் பதினெட்டு நாள் ஆயிற்று. அதன்பின் பதினோரு வருடம் இருந்தாள். சாலம்மாள் அந்தக் காய்ச்சலிலேயே போய்விட்டாள். அவள் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் இன்னாசிராஜும் ஒருவர். தீர்த்தகிரி வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஏரியூரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். இன்னாசிராஜ் கோயில் வேலைக்குத் திரும்பப் போகவில்லை. இப்போது பாலக்கோட்டில் மகள் வீட்டில் இருக்கிறார்.