துளைக்குப் பின்னால் ஒரு பொத்தான்

“நல்லா அமுக்குக்கா.”

“அமுக்கி அமுக்கி விரலே தேஞ்சுபோச்சுடி. பொத்தான் பளிச்சுன்னு தெரியுது, ஆனா அசைய மாட்டேங்குது. இதைச் செஞ்சவங்களுக்கு விரலே கிடையாதா?”

ஆபீஸிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தாள் தங்கை சைகால். செய்தவள் அவள்தான், பாவம்.

பிஷ்கேக்கில் மழலையர் பள்ளிப் பதிவு அன்று காலை ஒன்பதுக்குத் திறந்தது. அக்கா பெர்மெத்தின் பேட்டைப் பள்ளியில் நாற்பது இடம். தாயோ தகப்பனோ முகம் காட்டி, கைபேசியிலோ கணினியிலோ பதிய வேண்டும். பெர்மெத்திடம் கைபேசிதான் உண்டு. மூன்று வயது தாலாய் இத்தனை நாளும் பட்டறையில் அம்மாவின் தையல் மேசைக்கடியில் துணித்துண்டுகளோடு கிடந்தாள். திங்கட்கிழமை முதல் பிள்ளையோடு வந்தால் வேலை கிடையாது என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள்.

கைபேசிக்காரர்கள் தடுமாறக்கூடாதென்று பதிவுத் தளத்தை உருவாக்கிய ஆபீஸில் வேலை பார்க்கும் சைகால்தான் அதன் பக்கத்தின் மேல் ஒரு கறுப்புத் திரையைப் போர்த்தி, பக்கங்களுக்கு அழகு சேர்க்கும் சிஎஸ்எஸ் மொழியால் அதில் வட்டமாகத் துளை வெட்டியிருந்தாள். துளை வழியே பதிவுப் பொத்தானும் மீதி இடங்களின் எண்ணும் மட்டும் தெரியும். பொத்தானை அமுக்கினால் திரை விலகும். கணினியில் திரை வராது. நேற்று ஆபீஸே கூடிநின்று, “நிலா மாதிரி இருக்கு” என்றது. பதிவு திறக்காததால் ஒருவரும் அமுக்கிப் பார்க்கவில்லை.

துளை கண்ணுக்குத்தான். விரலுக்கு அங்கே திரை முழுசாகவே இருந்தது. விரலைத் திரை தடுக்காமல் விட ஒரே ஒரு வரி போதும். சைகால் அதை எழுதிவிட்டாள். அவள் கணினியில் பொத்தான் வேலையும் செய்தது. எல்லாரும் பார்க்கும் தளத்தில் அதை ஏற்றும் உரிமை தலைவர் மெதெர்பேக்கிடம். அவரோ விடியற்காலையிலேயே மலை மேய்ச்சல் வெளிக்குப் போய்விட்டார். ஒன்பது தடவை கூப்பிட்டாயிற்று. தொடர்பு எல்லைக்கு வெளியே.

கணினி வைத்திருப்பவர்கள் பதிந்துகொண்டே இருந்தார்கள். மீதி இடம் முப்பத்தொன்று. இருபத்திரண்டு.

“அக்கா, அந்தத் திரையை நான்தான் செஞ்சேன்.”

மறுமுனையில் பட்டறையின் தையல் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன.

“நீயா?” என்றாள் பெர்மெத். பிறகு, “அழகாத்தான் இருக்குடி” என்றாள்.

திட்டியிருக்கலாம்.

“என் லேப்டாப்போட இப்பவே கிளம்பி வரட்டுமா?”

“நீ பஸ்ஸைப் பிடிச்சு வர்றதுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது. சும்மா லைன்லயே இரு.”

பதினாலு. ஒன்பது.

“அம்மா, நான் அமுக்குறேன்” என்றது தாலாயின் குரல்.

“அமுக்குடா தங்கம். மெதுவா.”

கண்ணாடியில் சின்ன நகம் படும் சத்தம் சைகாலின் காதில் கேட்டது. டொக். டொக். சிறிது நிறுத்தி, மறுபடியும் டொக்.