சத்தமில்லாத கார்

காலை ஐந்தே முக்காலுக்கு ஹப்சா காரின் பின் சீட்டில் பொருட்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வாந்தி எடுத்தால் பிடிக்க ஆறு பிளாஸ்டிக் கவர், மாற்றுத் துணி, ஈரத் துண்டு, வெந்நீர் பிளாஸ்க், சர்க்கரை தொட்ட இட்லி. மூன்று வயது நிரம்பாத வசீமையும் ஒன்பது மாதப் பாயிஸாவையும் வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் வரை ஏழு மணி நேரம் தாக்குப்பிடிக்க என்னென்ன வேண்டும் என்று முதல் நாளே தாளில் எழுதியிருந்தாள். இரண்டு முறை சரிபார்த்தும் எதையோ மறந்துவிட்டதாகவே அவளுக்குத் தோன்றியது.

கோயம்புத்தூரில் நாத்தனார் புது வீட்டுக்குக் குடிபோகிறாள். பகலில் விருந்து. மாமியார் ஷர்புன்னிசா இரண்டு நாள் முன்பே பஸ்ஸில் போய்விட்டார். மாமனார் கரீம் கள்ளக்குறிச்சியில் புளி மண்டி வைத்திருப்பவர். வெள்ளிமலையில் ஒரு வியாபாரியைப் பார்க்க வேண்டியிருந்ததால், மலையேறி, கருமந்துறை வழியாக இறங்கிச் சேலம் போய்விடலாம் என்று சொல்லிவிட்டார். மலைப்பாதை என்ற பிறகுதான் ஹப்சா இரண்டு கவரை ஆறாக்கினாள். நேர் ரோட்டிலேயே வசீம் ஊரைக் கூட்டுவான்.

கணவன் ஜுல்பிகர் சின்ன பாட்டில் ஒன்றோடு வந்து நின்றான். சளி மருந்து.

"ஒரு மூடி குடுத்துடலாமா? போன தடவ மெட்ராஸ் போறப்ப விழுப்புரத்துல கண்ண மூடினவன், தாம்பரத்துலதான் தொறந்தான்."

"அப்ப சளி இருந்துச்சு. இப்ப இன்னாத்துக்கு? வாணாம்."

"நீ எல்லாத்துக்கும் பயப்புடுவ. எங்க சொந்தக்காரங்க எல்லார் காருலயும் இது இருக்கு தெரியுமா?"

அது உண்மைதான். அவர்கள் உறவில் கார் வைத்திருக்கும் வீடுகளில் எல்லாம் டேஷ்போர்டுக்குள் அந்த பாட்டில் கிடக்கும். விசேஷ வீட்டில் இறங்கியதும் முதலில் கேட்கும் கேள்வி, "வழியில புள்ளைங்க அழுதுச்சா?" என்பதுதான். "ஏறினதும் தூங்கிடுச்சுங்க" என்று சொல்வதில் ஒரு பெருமை. எப்படித் தூங்கின என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை.

ஊரே செய்வதைத் தான் மட்டும் மறுக்கிறோமோ என்று ஹப்சா யோசித்தாள். ஆனாலும் வேண்டாம் என்றே தலையாட்டினாள். ஜுல்பிகர் பாட்டிலைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டான்.

ஆறு மணிக்கு வண்டி கிளம்பியது. ஜுல்பிகர் ஓட்டினான். முன் சீட்டில் கரீமின் மடியில் வசீம். கச்சிராயபாளையத்தில் டீக்கு நிறுத்தினார்கள். ஹப்சா காருக்குள்ளேயே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பாயிஸாவுக்குப் பால் கொடுத்தாள். வசீமை ஜுல்பிகர் கடைப்பக்கம் தூக்கிப் போனான். திரும்பி வந்தபோது பையன் தகப்பன் தோளில் சாய்ந்திருந்தான்.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியது. ஒரு வளைவு, இரண்டு, மூன்று. ஹப்சா கவரைப் பிரித்துக் கையில் தயாராக வைத்திருந்தாள். முன்னாலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

"பாத்தியாம்மா?" என்று கரீம் சிரித்தார். "உம்புள்ள மலையேறுனா அழுவான்னு சொன்னியே. ராஜா மாதிரி தூங்கிக்கினு வரான்."

"அவன் இந்நேரம் தூங்க மாட்டானே மாமா."

"தூங்குற புள்ளைய எழுப்பாதம்மா. கொஞ்ச நேரம் காது குளிரட்டும்."

ஹப்சா முன்பக்கம் எட்டி மகனின் உள்ளங்காலைச் சுரண்டினாள். எப்போதும் சுருங்கும் விரல்கள் அப்படியே கிடந்தன. கன்னத்தைத் தட்டினாள். தலை ஒருபக்கமாகச் சரிந்தது. செல்போன் கடிகாரத்தை எடுத்து, அவன் நெஞ்சு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை எழுகிறது என்று எண்ணினாள். பதினான்கு. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினாள். பதின்மூன்று. போன மாதம் தடுப்பூசி போட்டபோது நர்ஸ் எண்ணியது இருபத்தைந்துக்கு மேல் என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்கு வுடுங்க வண்டிய!"

"ஆரம்பிச்சிட்டியா? வெள்ளிமலைல அந்த ஆளு காத்துக்கினு இருப்பாரு. ஏற்கெனவே லேட்டு..."

"காத்துக்கினு இருக்கட்டும். எம்புள்ள மூச்சு கம்மியாயிட்டு வருது. நேரா ஆஸ்பத்திரில நிறுத்தலன்னா நான் சத்தம் போட்டு ரோட்டுல போறவங்கள கூப்புடுவேன்."

கல்யாணமான இந்த ஐந்து வருடத்தில் அவள் அந்தக் குரலில் பேசி அவர்கள் கேட்டதில்லை. ஜுல்பிகர் கியரை மாற்றினான்.

வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் அறிவுச்செல்வன் வசீமின் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். நர்ஸ் பாப்பாத்தி ஆக்சிஜனை மாட்டினார்.

"இன்னா குடுத்தீங்க புள்ளைக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமே குடுக்கலைங்க. ரெண்டு வாய் இட்லிதான்" என்றாள் ஹப்சா.

பாப்பாத்தி குனிந்து வசீமின் வாயை முகர்ந்தார். "இட்லியில ஏதும்மா ஆரஞ்சு வாசன?"

ஹப்சா கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். கை மெல்லப் பேன்ட் பைக்குள் போயிற்று.

"டீக்கடைல... ஒரு மூடி. ஒரே மூடிதாங்க."

"டேய்" என்று கரீம் சுவரைப் பிடித்துக்கொண்டார். "கெளம்புறப்பவே நான் ஒரு மூடி குடுத்துட்டேனேடா. நேத்து மண்டிக்குப் பக்கத்துல தனியா ஒரு பாட்டில் வாங்கிக்கினு வந்தேன். இவ வாணாம்ன்னுடுவான்னுதான் சொல்லல."

"நானும் அதுக்குத்தான் அத்தா சொல்லல."

தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்குத் தெரியக் கூடாது என்று இருவரும் தனித்தனியாக மறைத்ததில், ஒரே குழந்தையின் வயிற்றுக்குள் இரண்டு மூடி போயிருந்தது.

டாக்டர் பாட்டிலை வாங்கி லேபிளைத் திருப்பிக் காட்டினார். "நாலு வயசுக்குக் கீழ குடுக்காதீங்கன்னு இதுலயே போட்டிருக்கான். கடைக்காரன் கேக்காம குடுத்துட்டான், நீங்க படிக்காம ஊத்திட்டீங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் பாக்கணும். மூச்சு கொறைஞ்சா சேலத்துக்கு அனுப்பறதுதான் வழி."

அந்த இரண்டு மணி நேரமும் ஹப்சா கட்டிலை விட்டு அகலவில்லை. பாயிஸா இடுப்பில் கத்திக்கொண்டிருந்தது. வெளியே தூக்கிப் போகிறேன் என்று ஜுல்பிகர் கை நீட்டியபோது அவள் குழந்தையைக் கொடுக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணினாள். பதினாறு. பதினைந்து. பதினெட்டு. காலையிலேயே இன்னும் உறுதியாகச் சண்டை போட்டிருக்க வேண்டும் என்று நினைத்தாள். பயந்தவள் என்று சொல்லிவிடுவார்களே என்றுதான் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பயந்ததில் என்ன தப்பு? காரில் இருந்த மூன்று பெரியவர்களில் சரியாகப் பயந்தவள் அவள் ஒருத்திதானே.

பத்தே முக்காலுக்கு வசீம் கண்ணை இடுக்கினான். மாஸ்க்கைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா... ஒண்ணுக்கு."

பாப்பாத்தி சத்தமாகச் சிரித்துவிட்டார். "போடா ராஜா, எங்க வேணா போ." கரீம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் துடைத்தார்.

சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போகச் சொன்னார் டாக்டர். அந்த நேரத்தில்தான் கரீமின் போன் அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து ஷர்புன்னிசா.

கரீம் போனை எடுக்காமல் மருமகளைப் பார்த்தார். "வண்டி ரிப்பேர்னு சொல்லிடலாம்மா. அதான் புள்ள எழுந்துட்டான் இல்ல. சம்பந்தி வூட்டு ஆளுங்க எல்லாம் வந்திருப்பாங்க. நம்ம மானம் போயிடும்."

"ஆமா ஹப்சா, வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்" என்றான் ஜுல்பிகர்.

ஒரு கணம் அவளுக்கும் அது சரி என்றே பட்டது. எல்லோர் முன்னாலும் கணவனையும் மாமனாரையும் குறைசொல்லுவதா? பிறகு அந்த விருந்து வீட்டு வாசலில் வரிசையாக நிற்கும் கார்கள் ஞாபகத்துக்கு வந்தன. அவை எல்லாம் ராத்திரியே திரும்பிப் போகும். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையாவது இருக்கும். மாமனார் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"மாமி, நான் ஹப்சா பேசறேன். வண்டிக்கு ஒண்ணும் ஆவல. வசீம் கார்ல அழக் கூடாதுன்னு இவங்க ரெண்டு பேரும் எனக்குத் தெரியாம ஆளுக்கொரு மூடி சளி மருந்து ஊத்திட்டாங்க. புள்ள மூச்சு வுடத் திணறிப்போச்சு. வெள்ளிமலை ஆஸ்பத்திரில இருக்கோம். இப்ப கண்ணு முழிச்சிட்டான்."

"யா அல்லா!" மறுமுனையில் பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம். பிறகு குரல் தாழ்ந்தது. "மெதுவாப் பேசும்மா. போன் ஸ்பீக்கர்ல இருக்கு. எல்லாரும் கேக்குறாங்க."

"கேக்கட்டும் மாமி. நல்லா கேக்கட்டும்." அவள் குரல் உயர்ந்தது. ஜுல்பிகர் தடுக்க வாயெடுத்தான். கரீம் அவன் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

"அங்க இருக்கிற எல்லார் கார்லயும் இந்த மருந்து இருக்கு. இப்பவே எடுத்துக் கீழ ஊத்தச் சொல்லுங்க. சின்னப் புள்ளன்னா கார்ல அழத்தான் செய்யும், வாந்தி எடுக்கத்தான் செய்யும். மணிக்கு ஒருவாட்டி வண்டிய ஓரங்கட்டி எறக்கி வுடுங்க, பால் குடுங்க, ஓட வுடுங்க. ரெண்டு மணி நேரம் லேட்டாவும், அவ்ளோதான். நம்ம வசதிக்குப் புள்ளைய மயக்கிப்போட நமக்கு உரிமை கெடையாது. நாங்க இன்னிக்கி விருந்துக்கு வரல மாமி. ஏன் வரலன்னு கேக்குறவங்களுக்கு இதையே சொல்லுங்க."