சவர்க்காரம் வைக்கும் பை

கட்டிலின் நடுவே வட்டமாக ஒரு ஓட்டை. அதற்கு நேர்கீழே வாளி. கொலரா வார்டில் எல்லாக் கட்டில்களும் அப்படித்தான். வாளி நிறைவதற்குள் ராக்கம்மா அதை இழுத்தெடுத்து, வேறொன்றை வைத்துவிட்டு, பின்வாசல் பீப்பாய்க்குத் தூக்கிப் போவாள். எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் வழியில் எங்காவது தளும்பும். தளும்பியது சேலையில்தான் விழும்.

டாக்டர்மாருக்கும் நேர்ஸ்மாருக்கும் கவுன் வந்துவிட்டது. சுத்தம் செய்கிறவர்களுக்கும் வரும் என்று ஸ்டோர்காரர் சொன்னார். வந்த பாடில்லை. கேட்டால், "எல்லாம் சண்டைக்குத்தான் போவுது" என்று மேலே கையைக் காட்டினார். கடையில் பாணும் பருப்பும் போட்டுக் கொடுக்கிற, சிலிசிலி என்கிற மெல்லிய பொலித்தீன் பைகளை ராக்கம்மா கைகளில் மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டுக்கொண்டாள். கைக்கு அது போதும். உடம்புக்கு என்ன செய்வது?

அவளோடு வாளி தூக்கிய றேமண்ட் இப்போது அதே வார்டில் ஓட்டைக் கட்டிலில் கிடந்தான். அவனுடைய வாளியையும் அவள்தான் தூக்கினாள். அவனுக்கு அது வெட்கமாக இருந்தது. அவள் வரும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கொட்டாஞ்சேனையில் பொதுக்குழாயை ஒட்டிய ஒற்றை அறைதான் ராக்கம்மாவின் வீடு. வேலை முடிந்து சந்துக்குள் நுழைந்ததும் மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள். இப்போதெல்லாம் ராக்கம்மா தூரத்திலேயே நின்று கத்தினாள். "கிட்ட வராத! அம்மா குளிச்சிட்டு வாரேன், அங்கயே நில்லு!" பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கும்.

வார்டில் ஓய்வு கிடைக்கிற நாளில் அவள் வெள்ளவத்தையில் கௌரி டீச்சர் வீட்டுக்கு உடுப்புத் தோய்க்கப் போவாள். சண்டையில் வீட்டை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டீச்சர், ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தார். இந்த முறை ராக்கம்மா படலைக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வரலைங்க டீச்சர். நான் கொலரா வார்டுல நிக்கிறேன். சேலையெல்லாம் பட்டுப்போவுது."

"ஏன், உங்களுக்கு ஒண்டும் தரேல்லையோ?"

"எங்களுக்கெல்லாம் எங்கீங்க!"

கௌரிக்குக் கோபம் வந்தால் கை சும்மா இராது. கோயில் மண்டபத்தில் அகதிகளுக்குச் சோற்றுப் பார்சல் கட்டுகிற பெண்களை, வார்டில் சுத்தம் செய்கிறவர்களுக்கு ஏப்ரன் செய்ய அன்று பின்னேரமே கூட்டிவிட்டார். புறக்கோட்டைக் கடைக்காரர் பௌஸி ஹாஜியார் தடித்த நீலப் பொலித்தீன் ஒரு உருளை அனுப்பினார். தையல் மெஷினில் ஓட்டினால் ஊசித் துளையால் தண்ணீர் இறங்கும் என்பது முதல் ஏப்ரனிலேயே தெரிந்துபோயிற்று. ஆகவே ஓரங்களை மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டினார்கள். மண்டபம் முழுக்க விபூதி வாசனை போய்ப் பொலித்தீன் நாற்றம் வந்தது. ஐயர் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

அளவு பார்க்க ராக்கம்மாவை நிறுத்தினார்கள். குனிந்தாள், நிமிர்ந்தாள். "டீச்சர், கழுத்துல மாட்டினா குனியறப்ப இழுக்குதுங்க. தோள்ல ரெண்டு பட்டி வச்சு முதுகுல குறுக்கால கட்டினா நல்லது. அப்புறம், நெஞ்சுல ஒரு பை."

"பை என்னத்துக்கு?"

"கை கழுவுற சவுக்காரம் வைக்க. தண்ணி பைப்படியில வச்சா மறுநிமிசம் காணோம்."

"உங்கட ஆஸ்பத்திரியில சவர்க்காரத்துக்கும் கால் முளைச்சிருக்கோ!" என்று கௌரி சிரித்தார். பெண்களும் சிரித்தார்கள். பையைச் சுடரில் ஒட்டினால் பாரத்துக்குப் பிய்ந்துவிடும் என்று, கரண்ட் வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பால் அழுத்தி ஒட்டினார்கள். வேலை சுத்தமாக வந்திருந்தது.

கௌரியும் ராக்கம்மாவும் ஏப்ரன் மூட்டையோடு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். சந்தியில் செக்பொயின்ற். கௌரியின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசத்தைப் பார்த்ததும் கான்ஸ்டபிள் இருவரையும் இறங்கச் சொன்னான். மூட்டைக்குள் கையை விட்டு ஒன்றை உருவினான்.

தோள்பட்டிகள் இரண்டும் தொங்கின. நெஞ்சுக்கு நேரே பை. பையைச் சுற்றிக் கறுப்பு டேப். உடம்பில் குண்டைக் கட்டிக்கொண்டு வந்து வெடிக்கிறவர்களைப் பற்றியே நகரம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கான்ஸ்டபிள் ஏப்ரனைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தான். விசில் ஊதினான். துப்பாக்கிகள் திரும்பின.

"சபன் மஹத்தயா! சபன் தான்ன!" சவர்க்காரம் வைக்கத்தான் ஐயா என்று ராக்கம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினாள்.

"சபன்?" அவன் நம்பவில்லை. "கவுத மேவா ஹெதுவே?"

யார் செய்தது என்று கேட்டான். ராக்கம்மா வாயெடுப்பதற்குள் கௌரி முன்னுக்கு வந்தார். "மம" என்றார். நான்தான். பிறகு திரும்பிப் பார்க்காமலே தமிழில் மெல்லச் சொன்னார். "நீர் வாய் திறக்காதையும். உமக்குச் சின்னப்பிள்ளை இருக்கு."

ராக்கம்மாவை ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கௌரியை ஜீப்பில் ஏற்றினார்கள். வார்டு டாக்டர் பலமுறை போன் எடுத்துப் பேசிய பிறகு, மறுநாள் பின்னேரம்தான் அவரை விட்டார்கள். ஏப்ரன்களை விடவில்லை. பரிசோதிக்க வேண்டுமாம். அந்த வாரம் றேமண்ட் செத்துப்போனான்.

ராக்கம்மா வெள்ளவத்தைக்குப் போனபோது கௌரி புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வீட்டைவிட்டு எழும்பச் சொல்லிவிட்டார். பொலிஸ் வந்துபோகிற வீடு என்று பெயரெடுக்க அவருக்கு விருப்பமில்லை.

"என்னாலதாங்க டீச்சர். அந்தப் பைய நான் கேட்டிருக்கக் கூடாது."

"விசர்க்கதை கதையாதையும். நான் திரும்பவும் செய்துதருவன். முதல்ல ஒரு அறை கிடைக்கட்டும்." கௌரி அலுமாரியிலிருந்து ஒரு கட்டு சிலிசிலிப் பைகளை எடுத்து அவளிடம் கொடுத்தார். கடைக்குப் போகிற போதெல்லாம் சேர்த்து, கழுவிக் காயவைத்து மடித்தவை.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அதே சந்தியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். முன்னால் நின்றவளின் குடை தட்டித் தட்டி வரிசை மெல்ல நகர்ந்தது. காவலரணை நெருங்கியதும் ராக்கம்மா பார்த்தாள்.

மண்மூட்டைகளுக்கு மேல் நீலப் பொலித்தீன் விரித்திருந்தது. காற்றுக்குப் பறக்காமல் தோள்பட்டிகளை ஒன்றோடொன்று முடிந்திருந்தார்கள். நல்ல இறுக்கமான முடிச்சு. வெளியே பார்த்திருந்த ஒரு பைக்குள் யாரோ சிகரட் பெட்டியை நனையாமல் செருகி வைத்திருந்தார்கள். கறுப்பு டேப் இன்னும் விடவில்லை.

"மேக்கே மொனவத?" இதில் என்ன என்று கான்ஸ்டபிள் அவள் கையிலிருந்த கட்டைக் காட்டிக் கேட்டான்.

"சிலிசிலி, மஹத்தயா."

அவன் விரித்து உதறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"ஒண்ண எடுத்துத் தலையில போடேன்டி, இப்பிடி நனையிற" என்றாள் குடைக்காரி.

ராக்கம்மா பைகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நாளைக்கு வார்டுக்கு அவை வேண்டும். முந்தானையைத் தலைக்கு இழுத்தாள்; அதிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. நீலப் பொலித்தீனில் விழுந்த மழை ஓரங்களால் வழிந்து, மூட்டைகளில் ஒரு சொட்டும் படாமல், அவள் காலடியில் ஓடியது.