வெயில் தேடிய வண்டிகள்

ரோபோ வகுப்புக்கு வண்டிகளைத் தயார் செய்வது மூன்றாமாண்டு மாணவி ‘ஸ்குரூ அக்கா’வின் வேலை. வெளிச்சத்தைக் கண்டால் விலகி ஓட வேண்டிய ஆறு வண்டிகளும் இன்று ஜன்னலோர வெயிலில் போய் ஒட்டிக்கொண்டன. அவளுக்குச் சுரீரென்றது. பாழாய்ப்போன அவசரத்தில் ஒளி உணரும் கண்களிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் இடது, வலது ஒயர்களை மாற்றிச் சொருகியிருக்கிறாள்! மானம் போயிற்று.

ஸ்குரூடிரைவரோடு பாய்ந்தவளை, “இரும்மா, தொடாதே” என்று பேராசிரியர் தடுத்தார்.

வெயிலை மேகம் மறைத்தது, வண்டிகள் அப்படியே நின்றன. வகுப்பே மூச்சடக்கிப் பார்த்தது. வெயில் திரும்பியபோது சற்றுத் தள்ளி விழுந்தது. ஆறும் மெல்லத் திரும்பி அதனிடம் நகர்ந்தன.

“இதுங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது அக்கா?” என்று ஒருவன் கிசுகிசுத்தான்.

ஒவ்வொரு ஒயரும் அவள் கை பட்டதுதான். இருந்தும் இதைத் தான் சொல்லிக் கொடுத்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. அவளும் போய் அந்த வெயிலிலேயே உட்கார்ந்தாள்.