ஏழாம் மாடியில் சூடேறாத கூடை

நவம்பர் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. ஏர் ஃப்ரையர் ஓடுகிறது, ஆனால் சூடேறவில்லை. கம்பெனிக்குத் தொலைபேசினால், கருவியைத் தாங்களே தவறாகக் கையாண்டிருக்கக்கூடும் என்று பதிவுசெய்யப்பட்ட பெண்குரல் ஒன்று சொல்கிறது. கொரியாவின் குன்சான் துறைமுகத்தை நோக்கிய குடியிருப்பின் ஏழாம் மாடியில் வாழும் பியோ தால்-சுவின் குறை இதுதான்.

வேறொரு நாளாயிருந்தால் பொறுத்திருப்பார். மருத்துவமனையில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து அவர் மனைவி ஹ்வா-சுனுக்கு எதைத் தின்றாலும் இரும்பாய்க் கசந்தது. கஞ்சியின் ஆவி பட்டாலே குமட்டியது. இன்று காலை கண்ணைத் திறக்காமலே, "தோல் கருகச் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒரு வாய் தின்னலாம்போல இருக்குங்க" என்றாள். பால்கனிக் கம்பியில் வந்தமர்ந்த குருவிபோல் இருந்தது அந்த ஆசை. எந்த நொடியில் பறந்துவிடுமோ?

வேறு பிளக்கில் மாட்டிப் பார்த்தார். கூடையில் விரித்த காகிதத்தை எடுத்தார். ஆறவிட்டு மீண்டும் ஓட்டினார். விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, வெளிவந்ததோ குளிர்காற்று. அந்த இரைச்சலைக் கேட்டபடி நிற்கையில் சமையலறை மெல்ல நங்கூரம் தூக்கி நகர்வதுபோல் இருந்தது. படகின் முன்புறத்தில் ஹ்வா-சுன் நிற்கிறாள். அவள் கூந்தல் முழுவதும் காற்றில் பறக்கிறது.

விழித்துக்கொண்டு, கிழங்குகளை அள்ளி மேல்மாடியில் இருக்கும் மின்-கியுவின் அம்மா வீட்டுக்குப் போனார்.

"மின்-கியு அம்மா, உங்க மெஷின்ல இதைச் சுட்டுத் தாங்களேன்."

"நீங்க வேற அண்ணா. எங்களுதும் போன வாரமே படுத்துடுச்சு. கூடை உள்ள போகவே மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரர் முழங்காலால தள்ளிப் பார்த்தாரு. இப்ப முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு."

தால்-சு அந்தக் கூடையைப் பார்த்தார். ஹ்வா-சுன் கைதவறிப் போட்டதால் விழுந்த நசுங்கல் அதன் மூலையில் இருந்தது.

"இது எங்க கூடையாச்சே."

போன வாரம் மின்-கியுவின் அம்மா வறுத்த மீனைக் கூடையோடே கொண்டுவந்து கொடுத்திருந்தாள். வெறுங்கூடையைத் திருப்பிக் கொடுக்க அங்கே யாருக்கும் கை வராது. இவரும் கழுவித் துடைத்து, கமலா ஆரஞ்சு நிரப்பிக் கொடுத்தனுப்பினார், தம்முடைய கூடையில்.

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல காய்ஞ்சிட்டு இருந்துச்சும்மா."

"நல்லவேளை, ஆரஞ்சுக்குப் பதிலா பல்செட்டைப் போட்டுக் குடுக்கல."

குடியிருப்போர் எல்லோரும் சேர்ந்து ஒன்றாய் வாங்கிய கருவிகள் அவை. ஆனால் ஒன்று பழைய மாதிரி, மற்றது புதியது. கூடையின் பின்னால் உள்ள நாக்கு உள்ளிருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் கம்பி சூடேறும். மின்-கியு அம்மாவின் கூடைக்கு நாக்கு குட்டை, இவர் கருவியில் எட்டவில்லை. இவர் கூடையினது நெட்டை, அங்கே முட்டியது. நாக்கின் நீளத்தை மாற்றியவர்கள் அதை எங்கும் எழுதிவைக்கவில்லை! இது அலட்சியமன்றி வேறென்ன?

தம் கூடையை எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கினார். கூடையைத் தள்ளியதும் 'டக்' என்றது. கம்பி சிவந்தது. கருகும் சர்க்கரையின் மணம் நடைவழியெங்கும் தவழ்ந்து படுக்கையறைக்குள் புகுந்தது. அவள் உறங்கிவிட்டாளோ, ஆசையும் உறங்கிவிட்டதோ என்று அஞ்சி வாசலிலேயே நின்றார்.

"இன்னும் கொஞ்சம் கருகட்டும்" என்றது உள்ளிருந்து வந்த குரல்.

பாதிக் கிழங்கைத் தின்றாள். விரலை நக்கினாள். மீதிக்குக் கை நீட்டினாள்.

வாசகரே, எழுந்து உங்கள் சமையலறைக்குச் செல்லுங்கள். கருவிக்குள் இருப்பது உங்கள் கூடைதானா என்று பாருங்கள். இல்லையெனில் இன்றே உரியவரிடம் சேர்த்துவிடுங்கள். அவர் வீட்டில் யாரேனும் பசி வருமா என்று காத்துக்கிடக்கலாம்.